பால்கனிப் பண்ணாடி

ஏங்கண்ணு, பால்கனியில என்ன ஆசுபத்திரி கீது நடத்தறயா?

கிணத்துக்கடவுல பஸ் ஏறி, உக்கடத்துல மாறி, சரவணம்பட்டியில உன்ற ஏழாவது மாடிக்கு வந்து சேர்றதுக்குள்ள எனக்கு இடுப்புக் கழண்டு போச்சு. சித்தெ காத்தாட நிக்கலாம்னு கண்ணாடிக் கதவைத் தள்ளினா, மூலையில நாலு வெள்ளைப் பையி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரப்பர் கொழாய், குளுகோஸ் ஏத்தறாப்பல சொட்டுச் சொட்டா எறங்குது. மண்ணுல ஒரு ஊசி. ஊசி தலையில ஒரு மீட்டரு. செவுத்துல ஒரு சீட்டு ஒட்டி தேதியும் மணியும் எழுதி வெச்சிருக்கற. எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. யாருக்கு என்ன சீக்குன்னு கேட்டா, பல்லைக் காட்டீட்டுச் சொல்ற: "பீன்ஸ் அப்புச்சி. குட்டை ரகம். கன்டெய்னர் கார்டனிங்."

அட என்ற சாமி! அவரைக்காய்க்கு இத்தனை அலும்பா?

எங்கம்மா பொடக்காலியில பாத்திரம் கழுவற எடத்துல ரெண்டு கொட்டையைப் போட்டு உட்டுப்போட்டு மறந்து போவா. மீட்டரும் இல்ல, சீட்டும் இல்ல. மார்கழியில பந்தல் தாங்காம தொங்கும். பறிச்சு முடியாம ஊரெல்லாம் குடுப்போம். வாங்கறவன் மூஞ்சியைச் சுளிப்பான், அவன் ஊட்டுலயும் அதே தொங்கறதுனால. அப்படி வந்த பயிரு, கண்ணு, உன்ற கையில மாட்டிக் குளுகோஸ் ஏத்தீட்டு நிக்குது.

சரி, உக்காரு. அந்த மீட்டரைப் புடுங்கி அக்கட்டால வெய்யி. கண்ணு கூசுது.

குட்டை ரகம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? பேக்கட்டுல போட்டிருந்துச்சு, வாங்கீட்ட. கொடி அவரை ஏறிக்கிட்டே போகும், நிப்பாட்டத் தெரியாது, உங்க பெரியப்பன் பேச்சு மாதிரி. குட்டைச் செடிக்கு அந்தப் பேராசை இல்ல. முழங்கால் உசரம் வரும். தண்டோட நுனியிலயே பூங்கொத்து வந்துரும். அதுக்கு மேல ஏறறக்கு எடமில்ல. வளர்ந்தது போதும், காய்ச்சுட்டுப் போலாம்னு முடிவு பண்ற செடி அது. இந்த ஒரு கொணத்துக்காகத்தான் அது தொட்டிக்குத் தோது. பந்தல் வேண்டா, கயிறு வேண்டா. காய் கனத்துச் சாஞ்சா ரெண்டு வெளக்குமாத்துக் குச்சி ஊணுனாப் போதும். நீ என்னடான்னா ஆறடிக்கு இரும்புக் கம்பியில ஏணி நிறுத்தி வெச்சிருக்கற. யாரு ஏறறக்கு? பல்லியா?

அப்பறம் அந்தப் பேரு. பிரெஞ்சு பீன்ஸ். கேக்கறப்பவே வாய் மணக்குதாக்கும்? பிரான்சுக்காரனுக்கும் அதுக்கும் பொறந்த ஊர்ச் சம்பந்தமே இல்ல, கண்ணு. அமெரிக்காக் கண்டத்துப் பயிரு அது. கொலம்பஸ் போயிட்டு வந்ததுக்கப்பறந்தான் ஐரோப்பாக்காரனே அதைக் கண்ணால பாத்தான். நீ வடநாட்டு ஓட்டல்ல கிண்ணம் நெறைய வாங்கித் திங்கற பாரு ராஜ்மா, அதுவும் இதுவும் ஒரே இனம். பிஞ்சுல பறிச்சா பீன்ஸ், முத்த உட்டா ராஜ்மா. நம்ம அவரையும் மொச்சையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கற மாதிரிதான். ஆனா அவரை பீன்ஸுக்குப் பங்காளிதான், ஒரே இனமில்ல. இந்த மண்ணுல வெகு காலமா இருக்கறா. சங்கப் பாட்டுலயே அவரை வருதுன்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லுவாரு. நான் பாட்டைப் படிச்சதில்ல. காயைத் தின்னிருக்கறேன்.

எதுக்கு இந்த வம்சக் கதைன்னு கேக்கறயா? சோலியோடதான் சொல்றேன்.

இருநூறு வருசத்துக்கு முந்தி நம்ம கோயமுத்தூருக்கு ஜான் சல்லிவன்னு ஒரு வெள்ளைக்காரன் கலெக்டரா இருந்தான். அவன் மலையேறிப் போயி, ஊட்டியை ஊராக்கி, தன்ற நாட்டுக் காய்கறியையெல்லாம் அங்க கொண்டுபோயி நட்டான். ஏன் மலையேறினான்? கீழ இருக்கற சூடு அவனுக்குத் தாங்கலை. கலெக்டருக்கே தாங்காத சூடு, அவன் சோத்துல போட்ட காய்கறிக்குத் தாங்குமா? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு பீன்ஸ் எங்க வெளையுதுன்னு பாரு. எல்லாம் சொட்டர் போடற ஊரு. பீன்ஸுக்கு 15-ல இருந்து 25 டிகிரி வரைக்கும் சொகம். 30-ஐ நல்லாத் தாண்டிருச்சுன்னா பூவை உதுத்துப் போடும். நீ எப்பப் போட்ட? மாசிக் கடைசியில. பூவு எப்ப வந்துச்சு? சித்திரையில. கண்ணாடிக் கதவு ஒரு பக்கம், கான்கிரீட் செவுரு ஒரு பக்கம், ஏசி பொட்டி விடற அனல் ஒரு பக்கம். அந்தப் பையிக்குள்ள கையை உட்டுப் பாத்தேன், வேரு இட்லி வேகறாப்பல வேகுது.

பூவு உதுருது, காய் புடிக்கலை. அதுக்கு நீ பண்ணின வைத்தியந்தான், கண்ணு, நான் ஊர்ல போயிச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.

வெடியால நாலரை மணிக்கு எந்திரிச்சு வந்தேன், வயசாச்சு, தூக்கமில்ல. பால்கனியில வெளக்கு எரியுது. நீ அரை டவுசரோட குந்த வெச்சு, நெத்தியில டார்ச்சு கட்டீட்டு, கையில ஒரு பெயிண்டு பிரஷ்ஷு. பூவுக்குப் பூவு தடவிக் குடுக்கற. நான் வேண்டுதல் கீதோன்னு கம்முனு நின்னேன். கேட்டா, "மகரந்தச் சேர்க்கை அப்புச்சி. ஏழாவது மாடிக்குத் தேனீ வர்றதில்ல"ங்கற.

ஏஞ்சாமி, அவளுக்குத் தரகன் வேணும்னு யாரு சொன்னா? பீன்ஸ் பூவை ஒண்ணு கிள்ளிப் பிரிச்சுப் பாரு. உள்ள படகு மாதிரி ரெண்டு எதழு ஒட்டி மூடியிருக்கும். ஆணும் பொண்ணும் அந்தப் படகுக்குள்ளயே. பூவு விரியறதுக்கு முந்தியே கல்யாணம் முடிஞ்சிருது. முடிஞ்ச கல்யாணத்துக்கு நீ பந்தல் கட்டி, பிரஷ்ஷைத் தூக்கீட்டு நாதசுரம் வாசிக்கற. பூசணிக்குப் பண்ணு, பீர்க்கனுக்குப் பண்ணு, நாயம் இருக்குது. அங்க ஆண் பூ தனி, பொண்ணுப் பூ தனி. இதுக்கு எதுக்கு? உதுர்றது சூட்டுனால உதுருது. நீ நாலரை மணிக்கு எந்திரிச்சாலும் உதுரும், பத்து மணி வரைக்கும் தூங்குனாலும் உதுரும். தூங்கியிருந்தா உனக்காவது லாபம்.

சிரிக்காத. இன்னும் இருக்குது.

மாசி மாசம் ராத்திரி பத்தரைக்கு நீ போன் பண்ணுனயே, நெனப்பிருக்குதா? "அப்புச்சி, முளைச்சது தலையைத் தூக்க மாட்டேங்குது. கூனீட்டே நிக்குது. ஏதோ நோவு." நான் பயந்து போயி, உங்கமுச்சியை எழுப்பி, அவ வெளக்கைப் போட்டு, ஒரே களேபரம். கடைசியில பாத்தா பீன்ஸ் கொட்டை முளைக்கிற அழகைத்தான் நீ நோவுன்னு சொல்லியிருக்கற. அது அப்படித்தான் கண்ணு வரும். மொதல்ல தண்டு வளைஞ்சு முதுகால மண்ணை முட்டும். முட்டித் தெறந்துட்டு, பொறகால தலையை உருவும். ரெண்டு பருப்பையும் சேத்துத் தூக்கீட்டு நிமுரும். நேரா தலையால முட்டுனா குருத்து ஒடிஞ்சு போகும்னு அதுக்குத் தெரியுது. நீ பண்ணுனது என்ன? பல்லு குத்தற குச்சியை வெச்சு நிமுத்தி உட்ட. நாலுல ஒண்ணு கழுத்து முறிஞ்சு போச்சு. அதுக்கு நீ மருந்துக்கடையில பூசணத் தூள் வாங்குன.

அதுக்கு முந்தி வெதை போட்ட கதையாவது நேரா இருக்குதா? ஒரு ராத்திரி முழுக்க வெதுவெதுப்புத் தண்ணியில ஊறப்போட்டு, காயிதத்துல சுருட்டி, டப்பாவுல அடைச்சு, முளை வந்தப்பறம் எடுத்து நட்டயாம். கொழந்தைக்குத் தொட்டில் மாத்தற மாதிரி. பீன்ஸுக்கும் அவரைக்கும் எடம் மாத்தறதே புடிக்காது. வேரைத் தொட்டா மொறைக்கும். எங்க இருக்கோணுமோ அங்கயே கொட்டையைப் போடு. ஒண்ணரை விரக்கடை ஆழம். மண்ணு ஈரமா இருந்தாப் போதும், ஊறப்போட வேண்டா. ரொம்ப ஊறுனாத் தோலு வெடிச்சு அழுகும். நாலஞ்சு நாள்ல, மிஞ்சிப் போனா ஒரு வாரத்துல வந்துரும். கண்ணு மேல பாக்கோணுமா கீழ பாக்கோணுமான்னு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை. எது வானம் எது பூமின்னு கொட்டைக்குத் தெரியும். ஏழாவது மாடியில குடியிருக்கறவனுக்குத்தான் தெரிய மாட்டேங்குது.

இப்ப மண்ணுக்கு வாரேன்.

பையி ஒண்ணைக் கவுத்துப் பாத்தேன். ஒரு சொட்டு மண்ணில்ல. எல்லாம் தேங்கா நாருத் தூளு. கோகோபீட்டுன்னு பேரு. அஞ்சு கிலோக் கட்டி, பொட்டியில வந்துச்சாம், கூரியர்ல. எங்கிருந்து வந்துச்சுன்னு பொட்டியைத் திருப்பிப் பாரு. பொள்ளாச்சி! என்ற ஊருக்குப் பக்கத்து ஊரு. இந்த நாருத் தூளு ஒரு காலத்துல மில்லுக்கு வெளிய மலையாக் குவிஞ்சு கெடக்கும். எடுத்துட்டுப் போனாப் போதும்னு சொல்லுவாங்க. மழையில ஊறி செவப்புத் தண்ணியா ஓடும். அதையே அமுக்கிக் கட்டியாக்கி, கண்ணாடிக் காயிதத்துல சுத்தி, உன்ற தலையில கட்டிப்போட்டான். அவன் கெட்டிக்காரன். நான் அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

நாருத் தூளை ஏளனம் பண்றேன்னு நெனைக்காத. கனமில்ல, தண்ணியைப் புடிச்சு வெக்கும், வேருக்குக் காத்தோட்டம் குடுக்கும். மாடிக்கு அது நல்லதுதான். முழுக்க மண்ணை ரொப்புனா ஒரு தொட்டியே ஒரு ஆளு தூக்க மாட்டாத கனம் வந்துரும், கட்டடம் கட்டுனவன் உன்ற மேல கேஸ் போடுவான். 2013-ல சர்க்காரே சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் மாடித்தோட்டப் பொட்டி மானியத்துல குடுத்தப்பவும் நாருத் தூளைத்தான் வெச்சுக் குடுத்தாங்க. ஆனா அதுல சத்துன்னு சொல்லிக்கறதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. கழுவாத தூள்ல உப்பு வேற இருக்கும். ரெண்டு மூணு தண்ணி ஊத்தி அலசி, புழிஞ்சு போடோணும். ஒரு பங்கு தூளு, ஒரு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு நல்லா மக்கின எரு. தீந்துது கணக்கு. பச்சைச் சாணியைப் போட்டுராத, வேரு வெந்துரும்.

சத்து இல்லைன்னு உனக்கும் எவனோ சொல்லியிருக்கறான். அதுனால வாரம் ரெண்டு தரம் ஏதோ பச்சைத் தண்ணி, மஞ்சத் தண்ணின்னு ஊத்தியிருக்கற. மீன் அமிலம் வேற. நான் வந்த அன்னைக்குப் பக்கத்து ஊட்டம்மா லிப்டுல மூக்கைப் பொத்தீட்டு என்னையப் பாத்த பார்வை இருக்குதே, நான் என்னத்தைப் பண்ணிப்போட்டேன்னு ஆயிருச்சு. எலை நல்லா கருகருன்னு, வெத்தலை மாதிரி அகலமா இருக்குது. போட்டோவுக்கு நல்லா இருக்கும். காய் எங்க?

செத்துப்போன செடி ஒண்ணைப் புடுங்கி வேரைக் காட்டுனேன், நெனப்பிருக்குதா? வெள்ளை வெளேர்னு சுத்தமா இருந்துச்சு. நீ சந்தோசப்பட்ட. நான் தலையில கை வெச்சேன். அவரை, பீன்ஸு, தட்டப்பயிறு, உளுந்து, இந்த வம்சத்துக்கெல்லாம் வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கோணும், கம்மங்கதிர்ல கம்பு ஒட்டுனாப்பல. அதைக் கிள்ளிப் பாத்தா உள்ள செவந்து இருக்கோணும். அந்த முடிச்சுக்குள்ள குடியிருக்கற கிருமி, காத்துல இருக்கற தழைச்சத்தைப் புடிச்சுச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குச் சக்கரை குடுக்கும். குடுத்து வாங்கற சம்பந்தி மொறை. நீ புட்டியில தழைச்சத்தை ஊத்து ஊத்துன்னு ஊத்துனா, செடிக்கு எதுக்குச் சம்பந்தி? முடிச்சே கட்டாது. அதுவுமில்லாம, மண்ணே இல்லாத பையிக்குள்ள அந்தக் கிருமி எங்கிருந்து வரும், கூரியர்லயா?

இந்தத் தப்பை நான் பண்ணாதவன்னு நெனைச்சுக்காத. எனக்குக் கல்யாணமான புதுசு. மாமனார் ஊட்டுக்கு முன்னால பெரிய பண்ணையக்காரனாக் காட்டோணும்னு, அவரைப் பந்தலுக்கு ஒரு வண்டி கோழி எரு அடிச்சு, மேல யூரியாவும் தூவி உட்டேன். பந்தல் இருட்டாயிப் போச்சு. அதுக்கடியில கட்டில் போட்டுப் படுக்கலாம், அத்தனை எலை. சீசன் முழுக்க எண்ணினா காயி ஒம்பது. உங்கமுச்சி ஒம்பதையும் ஒரு வட்டல்ல வெச்சு, எங்கப்பன் முன்னால கொண்டு வந்து வெச்சா. ஒரு வார்த்தை பேசலை. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் அவரைக்காய்ப் பொரியல் வெக்கற அன்னைக்கு என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பா.

நான் வாங்குனது ஒம்பது. நீ பதினொண்ணு. அந்த வகையில நீ என்னையக் காட்டிலும் பெரிய பண்ணாடிதான்.

கணக்குப் போட்டயா கண்ணு? நான் போட்டேன். பையி, நாருக்கட்டி, கம்பி ஏணி, சொட்டுக் கொழாய், மீட்டரு, பிரஷ்ஷு, நெத்தி டார்ச்சு, பூசணத் தூளு, பச்சைத் தண்ணி, மீனுத் தண்ணி. எல்லாம் சேத்து நாலாயிரம்னு நீதான சொன்ன. பதினோரு காய். காய் ஒண்ணு 363 ரூவா, சில்லறையை உட்டுப்போட்டேன். சுண்டக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்க. உன்றது அந்தப் பழமொழிக்கே அவமானம். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில பொழுது விடியறதுக்கு முந்தி போயிப் பாரு. நாலாயிரத்துக்கு மூட்டையாக் கட்டித் தருவாங்க, தூக்கீட்டு வர உன்னால ஆவாது.

காசு மிச்சம் பண்றக்குத் தொட்டியில போடறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லீராத. குட்டைச் செடி ஒண்ணுக்கு நூறு கிராம் வந்தாலே பெரிய சங்கதி. நாலு தொட்டியில ஒரு கிலோ வந்தா ஊருக்கு விருந்து வெய்யி. பின்ன எதுக்குப் போடறது? காய் பறிச்ச அஞ்சாவது நிமுசம் சட்டியில உழுந்தா அதோட ருசி வேற. அது ஒண்ணுக்காகப் போடு. மருந்தடிக்காத காயைப் பேரன் பேத்தி திங்கட்டும்னு போடு. போட்டோவுக்குப் போடாத.

இனி உன்ற பேக்கட்டைக் கடாசிட்டு, நான் சொல்றதைக் கேளு.

தொட்டிக்குக் காசு குடுக்காத. 20 லிட்டர் பெயிண்டு வாளி இருக்குதில்ல, உங்க அபார்ட்மெண்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சப்ப வாச்மேன் ரூமுக்குப் பின்னால அடுக்கி வெச்சது? அதுல ரெண்டு கேட்டு வாங்கு. நல்லாக் கழுவு. ஒரு அடி ஆழம் இருந்தா அவரைக்குத் தாராளம். அடியில அஞ்சாறு ஓட்டை போடு. ஓட்டை மேல ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லு வெய்யி, மண்ணு ஓடாம இருக்கும். அதுக்கு மேல ஒரு சாண் ஜல்லி கொட்டாத. ஜல்லி போட்டாத் தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்றாங்க. வடியாது. தண்ணி ஜல்லிக்கு மேல இருக்கற மண்ணுலதான் கட்டி நிக்கும். வேரு போற எடம் கொறைஞ்சு போறதுதான் மிச்சம். வாளிக்கடியில ரெண்டு செங்கல்லு வெய்யி. நீ வெச்சிருக்கற அழகுத் தட்டு இருக்குதே, அதுல தேங்கற நல்ல தண்ணியிலதான் டெங்குக் கொசு முட்டை போடும். பொழுதோட என்ற காலைக் கடிச்சது உன்ற பீன்ஸ் தொட்டியில பொறந்த கொசுதான்னு சத்தியம் பண்ணுவேன்.

ஒரு வாளிக்கு மூணு செடி. அஞ்சு கொட்டை போட்டு, நல்லா வர்ற மூணை உட்டுப்போட்டு மத்ததைக் கிள்ளிப்போடு. பாவம்னு பாத்து அஞ்சையும் உட்டா அஞ்சும் பட்டினி.

எதைப் போடறது? கோயமுத்தூர்ல இருக்கறவன் செடி அவரையைப் போடு. வெயிலுக்குப் பொறந்தது அது. பந்தல் அவரை நாள் சுருங்கற காலம் வந்தாத்தான் பூக்கும். செடி அவரையில புது ரகங்களுக்கு அந்த வீம்பு இல்ல, எந்த மாசமும் பூக்கும். லாலி ரோட்டுல இருக்குதே, 1971-ல யுனிவர்சிட்டி ஆச்சு, எங்களுக்கு இன்னும் வெவசாயக் காலேஜுதான், அங்க உருவாக்கி விடற ரகத்துக்குப் பெரும்பாலும் 'கோ'ன்னு பேரு போடுவாங்க. கோன்னா கோயமுத்தூர். உன்ற ஊட்டுல இருந்து அரை மணி நேரம். பெங்களூருத் தோட்டக்கலை ஆராய்ச்சிக்காரங்க விட்ட அர்க்கா ஜெய், அர்க்கா விஜய்யும் குட்டைதான். அதை உட்டுப்போட்டு எந்த நாட்டுப் பேக்கட்டையோ வாங்கி, அவன் எழுதுன 'வசந்த காலத்தில் விதைக்கவும்'ங்கறதைப் படிச்சுட்டு சித்திரை வெயில்ல நிக்கற. அவனூரு வசந்தம் நம்மூரு மார்கழியோட குளிரு, கண்ணு.

பீன்ஸ்தான் வேணும்னு அடம் புடிச்சா, ஐப்பசி மழை ஓஞ்சு கார்த்திகையில போடு. அர்க்கா கோமல்னு குட்டை ரகம் இருக்குது, அது வரும். ஆனா இந்த வடக்குப் பால்கனியில வெய்யாத. கார்த்திகையில சூரியன் தெக்க சாஞ்சிருவான், இந்தப் பக்கம் எட்டியே பாக்க மாட்டான். சித்திரையில இருந்து ஆடி வரைக்குந்தான் நல்லா வருவான். அதுக்காக ஒரு ஊதா லைட்டை வாங்கி மாட்டீராத, உன்ற கையி அங்கதான் போகும்னு தெரியும். வாளியைத் தூக்கீட்டு மொட்டை மாடிக்குப் போ. ஆறு மணி நேர வெயில் ஓசியில கெடைக்கும்.

தண்ணி எப்ப ஊத்தறதுன்னு போனு சொல்லுதாமே? விரலை உடு, கண்ணு. ரெண்டாவது கணு வரைக்கும் உடு. ஈரம் தட்டுனாக் கம்முனு போ. காஞ்சிருந்தா ஊத்து. வெயில் நாள்ல ரெண்டு வேளையும் கேக்கும், மழை நாள்ல ரெண்டு நாளைக்குக் கேக்காது. பூவும் பிஞ்சுமா இருக்கறப்ப மட்டும் காயப்போட்டுராத.

கொழுந்துல கருப்பா, பொடிசா அப்பீட்டு இருக்கும் பாரு, அது அசுவினி. அவரைக்கும் அதுக்கும் ஜென்மப் பகை. எறும்பு ஏறுனாலே அங்க அது இருக்குதுன்னு அர்த்தம். அசுவினி விடற தித்திப்புக்கு எறும்பு காவல் காக்குது, நாம மாடு வளக்கற மாதிரி. மொதல்ல தண்ணியைப் பீச்சி அடிச்சுப் பாரு. போகலைன்னா ஒரு லிட்டர் தண்ணியில 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு, பொழுதெறங்குன நேரத்துல அடி. உச்சி வெயில்ல அடிச்சா எலை கருகிப்போகும். மத்தபடி எலையில ஒரு ஓட்டை உழுந்துதுன்னு எனக்குப் போன் பண்ணாத. உன்ற சட்டையில ஓட்டை இல்லயா? முட்டியில கிழிச்சு உட்ட பேண்ட்டைக் காசு குடுத்து வாங்கறவன், எலையில ஓட்டைக்கு அழுவறயே.

என்ற மஞ்சப் பையைத் தெற. அதுல ரெண்டு முடிச்சு இருக்குது. சின்ன முடிச்சுல செடி அவரைக் கொட்டை, போன வருசத்துக் காயில எடுத்தது. பெரிய முடிச்சுல மண்ணு. மொறைக்காத, அது அவரை வெளைஞ்ச காட்டு மண்ணு. வாளிக்கு ரெண்டு கைப்புடி கலந்து உடு, நான் சொன்ன கிருமி அதுல இருக்குது. மண்ணை ஊட்டுக்குள்ள வெக்கறக்கு உன்ற பொண்டாட்டி சம்மதிக்கலைன்னா, வெவசாய டெப்போவுல அவரைக்கு ரைசோபியம்னு கேட்டு ஒரு பொட்டலம் வாங்கு. ஆறுன கஞ்சித் தண்ணியில கொழைச்சு, கொட்டையை அதுல பெரட்டி, நெழல்ல ஒணத்திப் போடு.

ஆடியில போடு. பொரட்டாசி பொறக்கறப்ப மொதப் பறி வந்துரும். வந்தா ரெண்டு நாளைக்கு ஒருக்காப் பறிச்சுட்டே இருக்கோணும். செடியில காய் முத்துச்சுன்னா, வந்த சோலி முடிஞ்சுதுன்னு அது பூக்கறதை நிறுத்திப்போடும். போட்டோ எடுக்கறக்கு அழகா இருக்குதுன்னு உட்டு வெச்ச பாரு, அதுனாலதான் உன்ற பதினோரு காயில ஆறு நாரா இருந்துச்சு.

மொதப் பறி எனக்கு. போட்டோ அனுப்ப வேண்டா, கிணத்துக்கடவு பஸ்ஸுல எவன் வந்தாலும் காயைக் குடுத்து உடு. பிஞ்சாப் பாத்துப் பறி கண்ணு. உங்கமுச்சிக்கு முன்னால ரெண்டு பல்லு ஆடுது.